வென்டிலேட்டர் கட்டிலருகே பெற்றோருக்கு இருக்கும் வேலை

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் உண்டு. அவற்றில் ஒன்றில் எங்கள் நான்கு வயது மகள் நிமோனியாவோடு வென்டிலேட்டரில் இருந்தாள். வலிக்கும் மயக்கத்துக்கும் மருந்து பம்பு வழியாகப் போய்க்கொண்டேதான் இருந்தது. ஆனால் பயத்துக்கு? முன்பின் தெரியாதவர்கள் வந்து வந்து தொடுவதற்கு? தொண்டையில் குழாய் இருப்பதால் வாய்விட்டு அழக்கூட முடியாததற்கு? அந்தப் பங்குதான் எங்கள் கைக்கு வந்தது. அடுத்து இப்படி ஒரு கட்டிலருகே நிற்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில், தொடுவது. பிள்ளை அப்படிக் கிடந்தால் யாருக்கும் கை தானாகத் தலையைத் தடவத்தான் போகும். இரவுப் பணியில் இருந்த ஜொகூர்த் தாதி ஒருவர் (என் அம்மா அவரைக் கடைசிவரை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிட்டார்) பார்த்துவிட்டுச் சொன்னார்: “தடவாதீங்க அண்ணே. இப்ப அவளுக்கு அது கூசும். ஒரு கைய நெத்தி மேல, ஒரு கையப் பாதத்துல அப்படியே வைங்க. அமுக்க வேணாம், எடுக்கவும் வேணாம்.” வைத்தேன். திரையில் 150-ஐத் தாண்டியிருந்த இதயத் துடிப்பு மெல்ல மெல்ல 130 பக்கம் இறங்கியது. கையை எடுக்கும்போதும் சட்டென்று எடுக்காமல், “அப்பா கைய எடுக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் காது கேட்கும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள் என்பதும் அவர் சொன்னதுதான்.

வலியை அவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ‘ஃப்ளாக்’ என்று ஒரு கணக்கு: முகம், கால், உடல் அசைவு, அழுகை, சமாதானமாகும் விதம் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. குழாய் போட்ட பிள்ளை அழுதால் சத்தம் வராது. வாய் கோணும், கண்ணோரம் நீர் வழியும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ‘கம்ஃபர்ட்’ என்று வேறோர் அளவுகோலும் வைத்திருக்கிறார்கள். எங்கள் மகளுக்கு வலி வந்தால் வலது கால் கட்டைவிரல் மடங்கும். பல் முளைத்த காலத்திலிருந்து அப்படித்தான். இதை என் மனைவி சொன்னதும் தாதி உடனே குறித்துக்கொண்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இப்படிப்பட்ட விவரம் பெற்றோரிடம்தான் இருக்கும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அதோடு ஒரு தாள் எழுதித் தலைமாட்டில் ஒட்டினோம். அவளை வீட்டில் எப்படிக் கூப்பிடுவோம், சிறுநீர் வந்தால் என்ன சொல்வாள், எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள் என்று எல்லாம் ஆங்கில எழுத்தில். பிலிப்பீன்ஸ் தாதி ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து “பாப்பா, ஊச்சாவா?” என்று கேட்டபோது, அத்தனை கவலையிலும் நாங்கள் சிரித்துவிட்டோம்.

ஆக மோசமான நேரம், மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டுச் சளி உறிஞ்சுவது. வேறு வழியில்லை, செய்தே ஆக வேண்டும். “ஒண்ணும் இல்ல, வலிக்காது” என்று சொல்லத்தான் வாய் வரும். சொல்லாதீர்கள். அடுத்த தடவை உங்கள் பேச்சைப் பிள்ளை நம்பாது. நாங்கள் சொன்னது: “இப்ப இருமல் வரும். எரிச்சலா இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள எடுத்துருவாங்க.” என் மனைவி மகளின் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். குழாய் உள்ளே போய் வருவது பத்து, பதினைந்து விநாடிக்குமேல் நீடிக்காது என்பதால் எண்ணிக்கை பொய்யாவதில்லை. அந்த நேரத்தில் பேசுவது ஒரே குரலாக இருக்கட்டும். அம்மா, பாட்டி, மருத்துவர் என்று மூன்று பேர் சேர்ந்து ஆறுதல் சொன்னால் அதுவும் இரைச்சல்தான்.

இரைச்சல் என்றதும் தூக்கம் நினைவுக்கு வருகிறது. நோயாளிகள் தூங்கும் அறையில் இரவில் 30 டெசிபெல்தான் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் சொல்லியிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது நடக்கிற காரியமில்லை. ஓர் அலாரம் நின்றால் இன்னொன்று அடிக்கும். இரவு பகல் தெரியாமல் தூக்கம் கெட்டால் பிள்ளைக்குச் சித்தக் குழப்பம் வரும், மிடஸோலம் போன்ற மயக்க மருந்துகளும் அதற்கு ஒரு காரணம் என்று மருத்துவர் விளக்கினார். எங்கள் மகளும் ஒரு மாலை அம்மாவையே யாரோ மாதிரி பார்த்தாள். அதன்பிறகு கேட்டு வாங்கியவை: இரவில் கட்டில்மேல் விளக்கை அணைப்பது, அவசரமில்லாத வேலைகளைச் சேர்த்து ஒரே தடவையில் முடிப்பது, காதுக்கு மூடி. காலையில் ஜன்னல் திரையை விலக்கி “விடிஞ்சிருச்சு, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை” என்று சொல்வது எங்கள் வேலை. டேப்லெட்டை இரவில் கண்ணில் காட்டவில்லை. ஊசி போடும் ஐந்து நிமிடத்துக்கு அது நல்ல துணை. நாள் முழுக்க ஓடவிடுவது நமக்குத்தான் நிம்மதி, பிள்ளைக்கல்ல.

என் அம்மா தேக்கா சந்தையில் வாங்கிய தேங்காய் எண்ணெயும் விபூதியுமாக வந்துவிட்டார். தலையில் எண்ணெய் கூடாது, குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்திரி கழன்றுவிடும் என்றார்கள். விபூதித் தூளும் மூச்சுக்குழாய் பக்கத்தில் வேண்டாமாம். பேசி முடித்ததில், ஊசி இல்லாத காலுக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய், விபூதி பொட்டலத்தோடு தலையணைக்கடியில். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

குழாய் எடுத்தபின் வேறு மாதிரி வேலை. சைல்ட் லைஃப் தெரபிஸ்ட் ஒருவர் வந்தார், மருத்துவமனைப் பயத்தை விளையாட்டு வழியாகப் போக்க உதவுகிறவர். ஒரு பொம்மைக்கு ஊசிக்குழாய் குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, மகளையே அதற்கு வைத்தியம் பார்க்க வைத்தார். அடுத்த ஊசியின்போது அவளை மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு பேர் பிடிக்கவில்லை. என் மனைவி மடியில், நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டிக் கொடுத்தோம். அவர் சோப்புக் குமிழி ஊதக் கொடுத்தார். ஊதினால் மூச்சு நீளமாக வெளியே போகும், உடல் தளரும். “ஊசி போடலாமா?” என்று கேட்காதீர்கள் என்றும் சொன்னார், வேண்டாம் என்றால் விடப்போவதில்லையே. “எந்தக் கை?” என்று கேட்கலாம். மரத்துப்போகும் கிரீம் பூசுவதாக இருந்தால் அது வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும், அதனால் காலையிலேயே கேட்டு வையுங்கள்.

இதெல்லாம் மருந்துக்கு மாற்றல்ல. கை வைத்தும் பேசியும் கட்டைவிரல் மடங்கியபடியே இருந்தால் வலி மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டோம், கூச்சப்படவில்லை. கட்டிலருகே நானும் மனைவியும் முறை வைத்துத்தான் நின்றோம். ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால் ஆண்டுக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அது தீர்ந்ததும் என் சொந்த விடுப்பு.

வீட்டுக்கு வந்தபிறகும் சில வாரங்கள் ராத்திரியில் அலறி எழுந்தாள், கழிவறைக்குக்கூட அம்மாவை விடமாட்டாள். அப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பாலர் பள்ளி ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, மதியத் தூக்கத்துக்கு அவள் பாயைக் கதவோரம் போடச் சொன்னோம். அவரும் போட்டார். குறையாமல் இன்னும் ஒரு மாதம் போனால் மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.