ஒன்பது நாடுகள் மேல் ஒரு வழக்கு

பசிபிக் கடலில் உள்ள குட்டி நாடான மார்ஷல் தீவுகள் 2014 ஏப்ரலில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது, அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மேலும் வழக்குப் போட. நஷ்டஈடு கேட்கவில்லை. ஆயுதக் குறைப்புக்கு ஒழுங்காகப் பேச்சு நடத்துங்கள், அவ்வளவுதான்.

இதன் பின்னால் இருந்தவர் அந்நாட்டின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் டோனி டி புரும். 1954 மார்ச் 1 அன்று அவருக்கு ஒன்பது வயது. லிகியெப் தீவில் தாத்தாவோடு மீன்பிடிக்கப் போயிருந்தார். நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. வானம், கடல், தாத்தாவின் வலை எல்லாமே சிவந்துபோனதாம். மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்திய 67 அணுகுண்டுச் சோதனைகளில் அது ஒன்று.

அமெரிக்கா நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரவே இல்லை. கடைசியில் சிக்கியவை, அதன் அதிகாரத்தை ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன். நம்மூர் பத்திரிகைகளில் இதைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. சரி, 2016 அக்டோபரில் தீர்ப்பு: வழக்குப் போட்டபோது இரு தரப்புக்கும் இடையே 'தகராறு' இருந்ததாக நிரூபணமாகவில்லை, தள்ளுபடி. எனக்கு இது நழுவலாகத்தான் படுகிறது. பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டாகப் பிரிய, தலைவரின் கூடுதல் ஓட்டுதான் முடிவு கட்டியது. இந்தியா தப்பியது ஒன்பதுக்கு ஏழில்.