அட்வான்ஸ் என்னும் பெரிய சுமை

சென்னை வேளச்சேரியில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களை வாடகையை விட அதிகம் பயமுறுத்துவது அட்வான்ஸ்தான். 15,000 ரூபாய் வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம், அப்புறம் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக் கூலி தனி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள் இதற்கு எங்கே போவார்கள்? காலி செய்யும்போதோ, சுவரில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பிடித்தார்கள், இன்னும் ஆறவில்லை.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று அதிலேயே ஒரு வழியும் விட்டிருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? சட்டத்திலிருந்து அந்த விதிவிலக்கை முதலில் எடுக்க வேண்டும்.

அதுவரை, கையெழுத்துப் போடும் முன் பெயிண்டிங் யார் செலவு, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள்.