ராயக்கோட்டை துர்க்கம்: வழுக்குவது இறங்கும்போதுதான்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைகளில் நிழலான மண்பாதையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாதி வழி மொட்டைப் பாறை. ராயக்கோட்டை மலையும் அதே ரகம். கல்படி, முட்புதர், இடிந்த மதில், பாறைச் சரிவு என்று பாதை மாறிக்கொண்டே போகும். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல், ஆங்கிலேயர் திப்புவின் படையிடமிருந்து பிடித்த கோட்டை இது. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மதில்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். காரை உதிர்ந்த இடங்களில் கல்லைப் பிடித்திருப்பது அதன் எடை மட்டும்தான்.

ஏற, இறங்க, மேலே சுற்றிப் பார்க்க மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் பத்து மணிக்குள் கீழே வந்துவிடலாம். அதற்குமேல் வெயிலைவிடப் பாறைதான் பகை. வாங்கிய சூட்டை அது கீழிருந்து திருப்பி அடிக்கும், தொப்பி எதற்கும் உதவாது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் போயே ஆகவேண்டும் என்றால் மதியத்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும், மொட்டை உச்சியில் மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. இடி கேட்டால் உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திறந்த பாறைக்குத் திரும்பக் கூடாது.

ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அடிபடுவது இறங்கும்போது. சரிவைப் பார்த்த பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்கிறோம். பாரம் முழுவதும் குதிகாலுக்குப் போகிறது, பாதத்தின் முன்பாதி பாறையை விட்டு எழும்புகிறது, கால் வாரிவிடுகிறது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பைப் பாதத்துக்கு நேர்மேலே வைத்து, உள்ளங்கால் முழுவதும் பாறையில் படியும்படி சின்னச் சின்ன அடியாக வையுங்கள். நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்கினால் சரிவு பாதியாகத் தெரியும். உட்கார்ந்து நகர்வதில் வெட்கமே வேண்டாம். பேன்ட் கிழியலாம், மணிக்கட்டு உடையாது.

காய்ந்த கருங்கல் நன்றாகப் பிடி கொடுக்கும். அதன்மேல் உதிர்ந்து கிடக்கும் பொடிக்கல்தான் ஆபத்து, சிமென்ட் களத்தில் கொட்டிய கேழ்வரகின் மேல் நடப்பது போலத்தான் இருக்கும். மழைநீர் வழிந்து கருத்த பட்டைகளைப் பாறையில் பார்க்கலாம். அது பாசி. காய்ந்திருக்கும்போது சாதுவாக இருக்கும், பனி ஈரம் பட்டாலே சோப்பு. டிசம்பர் விடியற்காலையில் அந்தக் கறுப்புப் பட்டைகளைத் தாண்டி, வெளுத்த பாறையிலேயே கால் வையுங்கள்.

ஷூ விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை, அடிப்பகுதியில் வரிகள் தேயாமல் இருந்தால் போதும். இறங்குமுன் லேஸை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் விரல் முன்னால் போய் இடித்துக்கொண்டே வரும், மறுநாள் நகம் கறுக்கும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். சுனையில் தேங்கிய நீரை நம்பாதீர்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் உப்பு அதிகமாகி தாகமும் குமட்டலும்தான் வரும். வீட்டு நீர்மோரில் உப்புப் போட்டு எடுத்துப் போவது இதைவிடச் சுலபம், ருசியும் உண்டு.

பாறை இடுக்கில் பார்க்காமல் கையை விடக் கூடாது. சுருட்டை விரியனுக்குப் பிடித்த இடம் அதுதான். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலைத்தேன் அடை தொங்கும் பாறைக்குக் கீழே சிகரெட், கூச்சல், கல்லெறிதல் எதுவும் வேண்டாம். கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடி ஓடுங்கள். நின்று விசிறினால் இன்னும் கூடும். கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் நகத்தாலாவது உடனே சுரண்டி எடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கும்.

ஓசூரிலிருந்து பைக்கில் வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. வழியில் சானமாவு காடு இருக்கிறது. ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் அங்கே முகாம் போடும், இருட்டில் சாலையைக் கடக்கும். சூரிய உதயம் பார்க்கிறேன் என்று நாலரை மணிக்கு அந்தச் சாலையில் வராதீர்கள். முந்தைய நாளே ராயக்கோட்டை வந்து தங்குங்கள், அல்லது நன்றாக விடிந்தபின் கிளம்புங்கள். சேலம் - தர்மபுரி - ஓசூர் ரயில் பாதையில் ராயக்கோட்டைக்கு ஸ்டேஷன் உண்டு. ஆனால் விடியற்காலை ஏற்றத்துக்கு ஏற்ற வண்டி அன்றைக்கு இருக்கிறதா என்று நேரம் பார்த்துவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும்.