கடைசிச் சீட்டு ஏஸ்

என் முதல் பெரிய போக்கர் டோர்னமென்ட் வெற்றியை வாங்கித் தந்தது, நான் தோற்றிருக்க வேண்டிய ஒரு கை. என்னிடம் ஏஸ்-ஒன்பது, எதிரே இருந்தவரிடம் ஜோடிப் பத்து. இருவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு சிப்ஸ், அதாவது பந்தய வில்லைகள். என்னிடம் ஒரு கைப்பிடி கூடுதல், அவ்வளவுதான். ஆல்-இன் போய்விட்டோம், அதாவது இருந்ததையெல்லாம் பந்தயம் வைத்துவிட்டோம். இருவருக்கும் பொதுவான சீட்டுகளாக மேசையில் ராணி, ஏழு, மூன்று விழுந்தன. நான்காவதாக ஒரு இரண்டு. மீதி 44 சீட்டுகளில் என்னைக் காப்பாற்றக்கூடியவை மூன்று ஏஸ்கள் மட்டும். நூற்றுக்கு ஏழுகூட முழுசாக இல்லை. எதிராளி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டீலர் கடைசிச் சீட்டைத் திருப்பினார். கிளாவர் ஏஸ்.

கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் அந்த ஏஸைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ முந்தின நாள் யாரும் கவனிக்காமல் நான் ஆடாமல் கவிழ்த்துப் போட்ட ஜோடி ஜாக்கிதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

போக்கரைத் தொழிலாக வைத்துக்கொண்டால் நாளின் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருப்பதுதான். ஜோடி ஏஸ் 221 கைகளுக்கு ஒரு முறை வரும் என்பது கணக்கு. டீலர் மணிக்கு முப்பது கை போட்டாலே ஜாஸ்தி. ஆக, ஒரு முழு நாள் உட்கார்ந்தால் ஒரு தடவை பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது, திருப்பித் தள்ளுவது. அப்படி வரும் ஏஸும் ஜோடி ராஜாவிடம் நூற்றுக்குப் பதினெட்டு முறை தோற்கும். 80 சதவீதம் நமக்குச் சாதகமாக இருக்கும்போதே மூன்று முறை ஆல்-இன் போனாலும், மூன்றிலும் தப்பிப்பது 51 சதவீதம்தான். நாணயம் சுண்டுவதற்குச் சமம். இந்தக் கணக்கை முதல் வருஷமே மனப்பாடம் செய்துவிட்டேன். மனசு ஏற்றுக்கொள்ளத்தான் நான்கு வருஷம் பிடித்தது.

2003இல் உலகப் போக்கர் தொடரின் பிரதானப் போட்டியில் கிறிஸ் மனிமேக்கர் என்ற கணக்காளர் மற்ற 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயித்தார். இணையத்தில் நடந்த ஒரு மலிவான தகுதிச்சுற்று வழியாக உள்ளே வந்தவர். பெயரே அப்படி! அவரைப் பார்த்து மேசைக்கு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. நானும் அந்தக் கும்பலில் ஒருவன்தான். அவருடைய துணிச்சலான பொய்ப் பந்தயங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தைரியம்தான் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பில் கைக்காசு தீர்ந்தது. அப்புறம் நான் அண்ணன் என்று கூப்பிடும் அனுபவமுள்ள ஓர் ஆட்டக்காரர் ஸ்டேக் கொடுத்தார். நுழைவுக் கட்டணம் அவருடையது, லாபத்தில் ஆளுக்குப் பாதி. ஆனால் தோற்ற தொகையெல்லாம் 'மேக்கப்' என்று என் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அது முழுக்கக் கழிந்த பிறகுதான் பங்கு. ஒரு முறை பப்ளில், அதாவது இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்ற எல்லோருக்கும் பரிசு உறுதி என்ற கட்டத்தில், நல்ல ஜோடியோடு ஆல்-இன் போய் வெளியே வந்தேன். துரதிர்ஷ்டம் என்று அண்ணனிடம் புலம்பினேன்.

"கையில என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல தம்பி. பக்கத்து டேபிள்ல யார்கிட்ட எவ்வளவு சிப்ஸ் இருந்துச்சுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. டோர்னமென்ட்டில் சிப்ஸ் இரட்டிப்பானால் அதன் பண மதிப்பு இரட்டிப்பாவதில்லை. போனாலோ எல்லாமே போச்சு. புத்தகத்தில் படித்ததுதான். மேசையில் உட்கார்ந்தால் ஞாபகம் வராது.

நான் ஜெயித்த இந்த முறை, முதல் நாள் முடிவில் 11 பிளைண்டு மிச்சம். பிளைண்டு என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்துக் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயம்; சிப்ஸை அதை வைத்துத்தான் அளப்போம். சிப்ஸை எண்ணி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, மேலே பெயரும் தொகையும் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, அந்தப் பை ஒரு சோப்புக்கட்டி கனம்கூட இல்லை. இரண்டாம் நாள் மெல்ல மெல்ல நடுத்தரத்துக்கு ஏறினேன். பப்ள் வந்தது. மேசையிலேயே பெரிய அடுக்கு வைத்திருந்தவர் ஆல்-இன் என்றார். என்னிடம் ஜோடி ஜாக்கி. எழுந்து பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் ஒற்றை பிளைண்டோடு ஊசலாடிக்கொண்டிருந்தார்கள். திரும்ப உட்கார்ந்து, விரல் நடுங்க, ஜாக்கிகளைத் தள்ளிவிட்டேன். அவரிடம் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. மூன்று நிமிஷத்தில் அந்த இருவரில் ஒருவர் வெளியேறினார்.

ஜெயித்த மறுநாள் காலை அண்ணனோடு கணக்குப் பார்த்தேன். மேக்கப் கழிந்து, பாதி அவருக்குப் போக, என் பங்கைப் பார்த்தபோது வெற்றி கொஞ்சம் இளைத்துத் தெரிந்தது. அவர் வாழ்த்தினார், சந்தோஷம்தான். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நாற்பது பிளைண்டு இருக்கும்போது ஏஸ்-ஒன்பதோட ஏன் ஆல்-இன் போனே?"

என்னிடம் பதில் இல்லை. அலுப்பு, அவசரம், முடித்துவிட்டுப் போகலாம் என்ற ஆசை. எல்லாம்தான். கை முடிந்ததும் குறித்து வைக்கும் நோட்டைத் திறந்தேன். ஜோடி ஜாக்கி 'சரி' என்ற பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது. ஏஸ்-ஒன்பதை எதிர்ப்பக்கத்தில், 'தவறு' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்.