கார்னெலுக்கு மறுநாள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ரசிகர்களிடம் எது சிறந்த ஆல்பம் என்று கேட்டால், அவர்களில் பலர் ஒரு தேதியைத்தான் பதிலாகச் சொல்வார்கள். 1965-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1995-இல் கிதார் கலைஞர் ஜெரி கார்சியா இறக்கும்வரை, அந்தக் குழு 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தியது. அவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு நாடாவில் பதிவாகி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. இன்று என்ன வாசிப்பது என்பதைப் பெரும்பாலும் மேடையிலேயே தீர்மானித்துக்கொண்டவர்கள் என்பதால், ஒரே பாட்டு இரண்டு இரவுகளில் ஒரே மாதிரி அமைந்ததில்லை. ஆகவே ரசிகர்களின் பேச்சில் ஊர், தேதி, எந்த செட் (கச்சேரியின் எந்தப் பகுதி), எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டுக்குப் போனார்கள் என்ற விவரங்களே முதலில் வருகின்றன.

‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 1968-இல் அது தனி இசைத்தட்டாக வந்தபோது அதன் நீளம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மறு ஆண்டு வெளிவந்த ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் அதே பாட்டு இருபத்துமூன்று நிமிடம். 1972 மே மாதம் ராட்டர்டாமில் வாசித்ததோ நாற்பத்தைந்து நிமிடத்தையும் தாண்டுகிறது. எழுதி வைத்தது ஒரு சிறு கிதார் சொற்கட்டும் இரண்டு சரணங்களும்தான், மற்றதெல்லாம் மனோதர்மம். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும், ஆனால் அந்த ஒப்புமையை அதிகம் இழுக்கக்கூடாது. நம் கச்சேரியில் ஆலாபனையைப் பாடகர் நடத்த, வயலின் பின்தொடர்கிறது. இங்கே ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கற்பனை செய்கிறார்கள், யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்பது சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. குறிப்பாக ஃபில் லெஷின் பாஸ் கிதார், அடித்தளம் போடும் வேலையை விட்டுவிட்டுக் கார்சியாவுக்கு எதிராக இன்னொரு ராகத்தைப் பாடுவதுபோல நகரும். பழைய பதிவுகளை நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு முதல் காரணம் அந்த பாஸ்தான்.

இவ்வளவு பதிவுகள் எஞ்சியதற்கு ரசிகர்களும் காரணம், குழுவும் காரணம். மைக்கை மறைத்துக் கொண்டுவந்து அரங்கில் பதிவு செய்தவர்களைக் குழு பெரிதாகத் தடுக்கவில்லை. வாசித்து முடித்த பிறகு அதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்பதே கார்சியாவின் நிலைப்பாடாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அரங்கின் நடுவே மைக் கம்பங்கள் காடுபோல் எழுந்து மற்றவர்களின் பார்வையை மறைத்தபோதும், தடை போடாமல், 1984-இல் ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் பதிவாளர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கித் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, விற்கக்கூடாது. அந்த நிபந்தனையைக் காவல் காத்தவர்கள் ரசிகர்களே. உங்களிடம் மாற்றிக்கொள்ள நாடா இல்லாவிட்டால், வெற்றுக் கேசட்டுகளையும் திரும்பி வரத் தேவையான தபால்தலையையும் அனுப்பினால் போதும், முன்பின் தெரியாத ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து பிரதி எடுத்து அனுப்பிவைப்பார்.

அந்தக் காலத்துக் கேசட்டுகளின் குறைகள் இன்றைய டிஜிட்டல் கோப்புகளிலும் உட்கார்ந்திருக்கின்றன. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். இரண்டாவது செட்டோ இடைவெளியின்றி ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழிந்துகொண்டே போகும். ஆகவே பாட்டு உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு ‘டக்’ சத்தம், பிறகு அதே பாட்டு அரை நிமிடம் தள்ளி வேறோர் இடத்தில் தொடரும். பதிவு செய்தவர் இருட்டில் கேசட்டைத் திருப்பிப் போட்ட இடம் அது. பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும். இயந்திரத்தின் வேகம் சற்றுப் பிசகினால் சுருதியே ஏறி இறங்கும். ஆகவே முதல் பிரதியா, மூன்றாவதா, ஆறாவதா என்று கேட்காமல் அன்று யாரும் நாடாவை வாங்கிக்கொண்டதில்லை.

இந்தக் குறைகள் எதுவும் அண்டாமல் சில பதிவுகள் பிழைத்தன. குழுவுடனேயே பயணம் செய்த பெட்டி கேன்ட்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பொறியாளர், 1970-களில் ரீல் நாடாவில் எடுத்தவை அவை. மேடையின் ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்தில், காற்றும் கனமும் குறையாமல் ஒலிக்கும். பிற்காலத்தில் அவருக்குப் பண நெருக்கடி வந்து, நாடாக்களை வைத்திருந்த கிடங்கின் வாடகை நின்றுபோக, 1986-இல் அவை ஏலத்தில் போயின. வாங்கியவர்களிடமிருந்து பிரதிகள் பரவின. பாதாளத்திலிருந்து வந்ததுபோன்ற இரைச்சல் நாடாக்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தெளிவு எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அப்படி அவர் பதிவு செய்த இரவுகளில் மிகப் புகழ்பெற்றது 1977 மே 8, நியூயார்க் மாநிலத்தின் இதாகாவில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்ற கச்சேரி அது. 2017-இல், நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் குழுவின் தரப்பிலிருந்து அதிகாரபூர்வமாக வெளியானது. அதற்குள் ரசிகர்களில் பாதிப்பேர் அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

இரண்டாவது செட்டின் தொடக்கத்தில், முன்வரிசையில் நசுங்குபவர்களுக்காகக் கூட்டத்தை ஓரடி பின்னால் நகரச் சொல்லிக் குழுவின் இன்னொரு கிதார் கலைஞர் பாப் வியர் கேட்டுக்கொள்கிறார். அந்தக் கலகலப்பு அடங்கியதும் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ தொடங்குகிறது. சரணங்கள் முடிந்து பாட்டு மெல்லக் கரையும் இடத்தில் குழுவின் பாடகி டோனா காட்சோவின் குரல் சொற்களின்றி மிதக்கிறது. லெஷ் இரண்டே கார்டுகளுக்கு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளுக்கு) இடையில் அசையும் வேறொரு நடையைத் தொட்டுப் பார்க்கிறார், விடுகிறார், மீண்டும் தொடுகிறார். கார்சியா இன்னும் பழைய பாட்டிலேயே இருக்கிறார். எந்த விநாடியில் அது ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ ஆக மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்தப் பாட்டு மேடையேறி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கிதார், ஒலியை வடிகட்டும் ஒரு சிறு பெட்டி வழியாக வருவதால், ஒவ்வொரு ஸ்வரமும் வாயைத் திறந்து மூடுவதுபோல் கேட்கிறது. கடைசியாக வரும் ‘மார்னிங் டியூ’வில் கார்சியா ஸ்வரங்களைத் தனித்தனியே மீட்டுவதை விட்டு, தந்திகளை ஒருசேர வேகமாக வருட ஆரம்பிக்கும்போது தாளம் மொத்தமும் அவரோடு எழும்புகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், கார்னெல்தான் எல்லாவற்றிலும் உயர்ந்த இரவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதன் புகழில் பாதி இசைக்கு உரியது, மீதிப் பாதி நாடாவின் தெளிவுக்கும் அது போய்ச் சேர்ந்த கைகளின் எண்ணிக்கைக்கும் உரியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கீத் ஓல்சன் என்ற தயாரிப்பாளரிடம் ஸ்டூடியோவில் கடுமையாகப் பயிற்சி பெற்றுவிட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பியிருந்தார்கள். ஆகவே 1977 வசந்தத்தில் கிட்டத்தட்ட எல்லா இரவுகளிலும் அந்த நேர்த்தி இருக்கிறது. எனக்கோ அந்த நேர்த்தியே சில சமயம் சலிக்கிறது. 1972 முதல் 1974 வரை, இரண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட் குழுவில் இல்லாத காலத்தில், பில் க்ராய்ட்ஸ்மன் ஒருவரே ஜாஸ்போல இலேசாக வாசித்தபோது குழு எந்தப் பக்கமும் சட்டென்று திரும்ப முடிந்தது. 1972 ஆகஸ்ட் 27, ஓரிகானின் வெனிட்டாவில், ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட வெட்டவெளியில் வாசித்தார்கள். முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தொட்ட வெயில், சுருதியில் நிற்க மறுக்கும் தந்திகள். அன்றைய ‘டார்க் ஸ்டார்’ அரை மணி நேரம் உருவமே இல்லாமல் அலைந்துவிட்டு, திடீரென்று ‘எல் பாசோ’ என்ற கௌபாய் பாட்டில் போய் இறங்குகிறது. இப்படியொரு துணிச்சலை 1977-இல் நான் கேட்டதில்லை.

ஹார்ட்டைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். தபேலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் பயின்று, பதினொரு எண்ணிக்கையில் சுழலும் ‘தி லெவன்’ போன்ற பாட்டுகளில் குழுவை வாசிக்கவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1991-இல் அவர் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் ஜாகிர் உசேனின் தபேலாவோடு நம் விக்கு விநாயக்ராமின் கடமும் உண்டு. உலக இசைக்கான கிராமி விருதை முதலில் பெற்ற ஆல்பம் அதுதான்.

சவுண்ட்போர்டு பதிவுகளை மட்டுமே தேடுகிறவர்களோடு எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராக எடுத்த அந்தப் பதிவில் கருவிகள் துல்லியமாகக் கேட்கும், ஆனால் அரங்கம் கேட்காது. 1986-இல் கார்சியா நீரிழிவால் கோமாவில் விழுந்து, பிழைத்து, கிதாரையே மீண்டும் கற்றுக்கொண்டு டிசம்பர் 15 அன்று ஓக்லாந்தில் மேடையேறினார். முதலில் எடுத்த பாட்டு ‘டச் ஆஃப் கிரே’. தான் பிழைத்துக்கொள்வேன் என்று அவர் பாடும் வரியில் எழும் ஆரவாரத்தைக் கூட்டத்துக்குள் வைத்த மைக்தான் முழுதாகப் பிடிக்கும். விசில், கைதட்டல், மைக்குக்குப் பக்கத்தில் நின்று யாரோ பேசும் பேச்சு எல்லாம் அதோடு சேர்ந்தே வரும், வரட்டும். இரண்டு வகைப் பதிவுகளையும் கணினியில் விநாடிக்கு விநாடி பொருத்திக் கலக்கும் ‘மேட்ரிக்ஸ்’ பதிவுகளை இப்போது ரசிகர்களே செய்கிறார்கள். இரண்டு இயந்திரங்களின் வேகமும் ஒத்துப்போகாது என்பதால், நிமிடத்துக்கு நிமிடம் திருத்திக்கொண்டே போகும் பொறுமை அதற்கு வேண்டும்.

இந்தக் கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. 2005 நவம்பரில் குழுவின் தரப்பு இவற்றைத் தரவிறக்கம் செய்ய முடியாதபடி நீக்கியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். தன்னைக் கேட்டுச் செய்த முடிவல்ல என்று லெஷும் வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் அரங்கப் பதிவுகள் தரவிறக்கத்துக்குத் திரும்பின. சவுண்ட்போர்டு பதிவுகளை மட்டும் தளத்திலேயே கேட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு நிலைத்தது. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

புதிதாக நுழைகிறவர்கள் கார்னெலை மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், முந்தைய நாள் பாஸ்டனையும் மறுநாள் பஃபலோவையும் சேர்த்து வரிசையாகக் கேட்க வேண்டும். மே 9 அன்று பஃபலோவில் முதல் செட் தொடங்குவதே ‘ஹெல்ப் ஆன் தி வே’, ‘ஸ்லிப்நாட்’, ‘ஃபிராங்க்ளின்ஸ் டவர்’ என்ற முக்கோவையில்தான். ‘ஸ்லிப்நாட்’டின் அந்தக் கோணல்மாணலான சொற்கட்டுகளை, முந்தைய இரவு அப்படி வாசித்துக் களைத்தவர்கள், எடுத்த எடுப்பிலேயே ஒரு பிசிறும் இல்லாமல் வாசிக்கிறார்கள். இரண்டாவது செட்டில் ‘கம்ஸ் எ டைம்’ வரும்போது கார்சியாவின் குரலை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த வாரத்தில் அவர் பாடியவற்றில் நான் முதலில் வைப்பது அதைத்தான்.