எடையை மட்டும் பார்த்து வாங்கியிருப்பேன்

போன மாதம் பதினோரு நாள் வெளியூர் வேலை. பதினோரு இரவும் சிபாப் என்ற மூச்சுக் கருவியைப் போட்டுத்தான் தூங்கினேன். மூன்று வருடத்துக்கு முன்பு இப்படி ஒரு பயணத்துக்கு "நாலு ராத்திரிதானே" என்று கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனவள் நான். இடையில் நடந்ததை எழுதி வைத்தால், பயணத்துக்கென்று சின்ன கருவி தேடுகிற யாருக்காவது உதவும்.

எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருப்பது 49 வயதில் தெரிந்தது. பரிசோதனை இரவில் மணிக்கு சராசரியாக 38 முறை மூச்சு தடைபட்டிருந்தது. மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐத் தாண்டினால் தீவிரம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. மூளை உலுக்கி எழுப்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மாஸ்க் வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுத்து அந்தப் பாதையைத் திறந்து வைப்பதுதான் சிபாப்பின் வேலை. சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். அன்றிலிருந்து மோட்டார் சிறுத்துக்கொண்டே வந்து, இன்று கையில் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கருவி இல்லாமல் போன அந்த நாலு நாளில், முதல் இரவிலிருந்தே பழைய நிலைமை திரும்பிவிட்டது. காலையில் தலைவலி, மதியம் கண் எரிச்சல். மூன்றாம் நாள் கணக்கு சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரே வரியை நாலு முறை படித்தேன். கடைசி நாள் மாலை கார் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது சிக்னலில் நின்ற இடத்தில் கண் மூடிவிட்டது. பின்னால் இருந்த வண்டியின் ஹாரன் கேட்டு விழித்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டி நின்ற நேரத்தில் வந்த தூக்கம், ஓடும் நேரத்தில் வந்திருந்தால்? அதற்குப் பிறகு கருவி இல்லாமல் ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை.

அடுத்த பயணத்துக்கு வீட்டுக் கருவியையே தூக்கிக்கொண்டு போனேன். கிளம்பும் அவசரத்தில், காற்றை ஈரப்படுத்த அதில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய மறந்துவிட்டேன். பை சாய்ந்ததில் தண்ணீர் மோட்டார் பக்கம் போய்விட்டது. போய்ச் சேர்ந்த இடத்தில் கருவி இயங்கவே இல்லை. முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து, பாதி உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தேன். பயணத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

தேட ஆரம்பித்தால் எல்லா விளம்பரமும் எடையைத்தான் சொல்கிறது. 300 கிராம், அதற்கும் கீழே. நானும் மூன்று கருவிகளின் எடையை எழுதி வைத்துக்கொண்டு, எனக்கு மாஸ்க் பொருத்திய டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. "நீங்க இப்போ போடுற மாஸ்க் எது மேடம்? அதை மாத்த நீங்க தயாரா?" என்றுதான் கேட்டார்.

தயாராக இல்லை. எனக்கு வாயால் மூச்சு விடும் பழக்கம் உண்டு. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்தான் சரிப்படும். இப்போது இருப்பது நாலாவது மாஸ்க். அது கிடைக்க ஐந்து மாதம் ஆனது. முதலாவது மூக்கின் மேல் எலும்பில் புண் வைத்தது. இரண்டாவது, திரும்பிப் படுத்தால் கண்ணுக்குள் காற்றடித்தது. மூன்றாவது, இறுக்கினால் வலி, தளர்த்தினால் கசிவு. முகத்தோடு ஒத்துப்போன மாஸ்க் எவ்வளவு பெரிய விஷயம் என்று சிபாப் போடுகிறவர்களுக்குத் தெரியும்.

எல்லாச் சின்ன கருவிக்கும் எல்லா மாஸ்க்கும் பொருந்தாது. இதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. வழக்கமான டியூபின் வாய் 22 மில்லிமீட்டர். பெரும்பாலான மாஸ்க்குகள் அதற்குத் தகுந்த மாதிரிதான் வருகின்றன. ப்ரீயஸ் நிறுவனத்தின் இசட்2 போன்ற கருவிகள் இந்த வழக்கமான டியூபையே எடுத்துக்கொள்ளும். 2017-ல் வந்த ரெஸ்மெட் ஏர்மினி அப்படி இல்லை. அதற்குத் தனி டியூப், அந்த நிறுவனமே சொல்லும் சில மாஸ்க்குகள், அவற்றுக்கான தனி இணைப்பு. அந்தப் பட்டியலில் இருக்கும் மாஸ்க்கை நீங்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் அது மிக நல்ல தேர்வாக இருக்கலாம். இல்லையென்றால் கருவியோடு சேர்த்துப் புது மாஸ்க்குக்கும் பழக வேண்டும், அதுவும் வெளியூர்ப் படுக்கையில்.

தனி இணைப்பு வைத்திருப்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. சின்ன கருவியில் தண்ணீர்த் தொட்டிக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக டியூபுக்குள் ஒரு சின்ன வடிகட்டி மாதிரி ஒன்றை வைக்கிறார்கள். நாம் வெளியே விடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் அது பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த மூச்சு உள்ளே வரும்போது திருப்பிக் கொடுக்கும். அதற்கு, வெளிவிடும் மூச்சு முதலில் அதன் வழியாகப் போக வேண்டும். வழக்கமான மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளைகள் மாஸ்க்கிலேயே இருக்கின்றன. ஈரம் வடிகட்டி வரைக்கும் போகாமல் அங்கேயே வெளியேறிவிடும். அதனால் துளைகளை வடிகட்டிக்கு அந்தப் பக்கம் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. மாஸ்க்கும் மாற வேண்டியதாகிறது. இன்னொன்று, அந்தத் துளைகள் வழியாகத்தான் நாம் விடும் கரியமில வாயு வெளியேறுகிறது. எங்கிருந்தோ ஒரு இணைப்பை வாங்கிப் பொருந்தாத இரண்டைப் பொருத்தினால் துளையே இல்லாமல் போய்விடலாம். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

என் மாஸ்க்கை விட மனமில்லாததால், வழக்கமான டியூப் பொருந்துகிற கருவியையே எடுத்தேன். எந்த மாடல் என்று சொல்லாமல் விடுகிறேன். எனக்குச் சரியானது என்பதற்காக உங்களுக்கும் சரியாகிவிடாது. உங்கள் மாஸ்க்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

இதனால் எனக்கு வடிகட்டியின் ஈரம் கிடைக்காது என்று தெரிந்தே எடுத்தேன். வாங்குவதற்கு முன்பு டெக்னீஷியன் ஒரு செலவில்லாத சோதனை சொன்னார். வீட்டுக் கருவியில் காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டு மூன்று இரவு தூங்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இரவு நாக்கு காய்ந்துபோய் இரண்டு முறை எழுந்தேன். இரண்டாம் இரவு படுப்பதற்கு முன் மூக்கில் உப்புநீர் ஸ்பிரே அடித்துக்கொண்டேன், பரவாயில்லை. மூன்றாம் இரவு எழவே இல்லை. இந்தச் சோதனையில் தாங்கவே முடியவில்லை என்றால் ஈரம் தராத சின்ன கருவியை வாங்காதீர்கள். சற்றுப் பெரிதாக இருந்தாலும் தொட்டியோடு வருவதையே கொண்டு போங்கள். தொட்டியை மட்டும் மறக்காமல் காலி செய்துவிடுங்கள்.

எடைக்கு வருகிறேன். 300 கிராம் என்பது கருவி மட்டும். வீட்டுத் தராசில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். கருவி, மின் அடாப்டர், டியூப், மாஸ்க், எல்லாம் போட்ட பை சேர்ந்து 920 கிராம். பேட்டரியையும் வைத்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. வீட்டுக் கருவி இதையெல்லாம் சேர்க்கும் முன்னாலேயே அந்த 920 கிராமைத் தாண்டிவிடும். அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு சின்ன கருவிகளுக்கு நடுவே இருக்கும் 50 கிராம், 80 கிராம் வித்தியாசத்துக்காக நான் செலவழித்த மாலை நேரங்கள் வீண்.

அந்த நேரத்தை மின்சாரத்துக்குக் கொடுத்திருக்கலாம். பெரும்பாலான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். வெளிநாடு போனாலும் பிளக் மாற்றி மட்டும் போதும். எதற்கும் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். தங்கும் அறையில் சுவிட்ச் போர்டு படுக்கைக்கு எதிர்ச் சுவரில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு நீள எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துப் போங்கள். கடினமான பகுதி பேட்டரி.

ஒரு வாட் மீட்டர் வாங்கி அளந்தேன். எனக்கு எழுதிக் கொடுத்த காற்றழுத்தம் 11 சென்டிமீட்டர் (இந்த அழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தின் அளவில்தான் சொல்வார்கள்). அந்த அழுத்தத்தில் சின்ன கருவி சராசரியாக 7 வாட் எடுக்கிறது. வீட்டுக் கருவி, தண்ணீரையும் டியூபையும் சூடாக்கும்போது 40 வாட்டைத் தாண்டுகிறது. எட்டு மணி நேரத்துக்கு 7 வாட் என்றால் 56 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). வழியில் கொஞ்சம் வீணாகும் என்று சேர்த்துக்கொண்டால் எனக்கு ஓர் இரவுக்கு 70 வாட் அவர் வேண்டும்.

பவர் பேங்கில் பெரிய எழுத்தில் 20,000 மில்லி ஆம்பியர் அவர் என்று போட்டிருப்பார்கள். அதை உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட்டேஜால், பெரும்பாலும் 3.7-ஆல், பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74 வாட் அவர். எனக்கு ஓர் இரவுக்கு ஒட்டி வரும், அவ்வளவுதான். இதே கணக்கில் 27,000 என்பது 99.9. அந்த எண் தற்செயலாக வந்ததில்லை. விமானத்தில் 100 வாட் அவர் வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதிலும் உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. உதிரி லித்தியம் பேட்டரி எதுவானாலும் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி கொண்டுவந்தன. அதனால் இரவு விமானத்தில் சிபாப் போட நினைத்தால், டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்திடம் பேசி, கருவியின் பெயரையும் பேட்டரியின் வாட் அவரையும் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். சீட்டில் இருக்கும் பிளக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பல கருவிகளில் விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற வரி அச்சிட்டே வரும். அதைப் போட்டோ எடுத்து, மருத்துவரின் கடிதத்தோடு போனில் வைத்திருக்கிறேன்.

மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் உயரத்தையும் பார்க்க வேண்டும். காற்று மெலிந்த இடத்தில் அதே அழுத்தம் கிடைக்க மோட்டார் வேகமாகச் சுழல வேண்டும். இப்போதைய கருவிகள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும், ஆனால் ஒரு எல்லை வரைதான். அந்த எல்லை கையேட்டில் இருக்கும்.

சத்தத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். சின்ன கருவி வீட்டுக் கருவியை விடச் சத்தமாகத்தான் இருக்கிறது. உள்ளே சத்தத்தை அடக்க இடம் குறைவு. மேசை மேல் வைத்தால் மேசையும் சேர்ந்து முனகும். மடித்த துண்டின் மேல், காற்று உள்ளே போகும் பக்கம் மூடாதபடி, தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் எனக்குப் பாதி குறைகிறது. போன மாதம் இரண்டு இரவு தங்கையும் அதே அறையில் தங்கினாள். தூங்கவிடாமல் செய்துவிடுவேனோ என்று பயந்தேன். காலையில் அவள் சொன்னாள்: "முன்னாடியெல்லாம் உன் மூச்சு நின்னு நின்னு வரும்க்கா. திரும்ப வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. நேத்து அந்த மெஷின் சத்தம் ஒரே மாதிரி கேட்டுச்சு, தூங்கிட்டேன்."

யாரோ பயன்படுத்திய கருவியை வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தம் அடக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, அந்தத் துகள்கள் மூச்சோடு உள்ளே போகலாம் என்பதால் அது நடந்தது. பயணத்துக்கென்றே வந்த ட்ரீம்ஸ்டேஷன் கோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். அப்புறம், டியூபும் மின்சாரமும் வேண்டாம், மூக்கில் சொருகினால் போதும், இதுவே சிபாப் என்று விற்கிற சின்னஞ்சிறு பொருட்கள். நம் தொண்டையைத் திறந்து வைக்க வேண்டிய அழுத்தம் அதிலிருந்து வராது. காசு போவதை விட, சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே இரவுகள் போய்விடும் என்பதுதான் எனக்குக் கவலை.

கருவி வந்ததும் பெட்டியைப் பிரித்து நேராகப் பையில் போட்டுவிடாதீர்கள். அழுத்தத்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி அமைத்து, ஒரு வாரம் வீட்டுப் படுக்கையிலேயே தூங்கிப் பாருங்கள். என் வீட்டுக் கருவி வழக்கமாக மணிக்கு 2 மூச்சுத் தடைகள் என்று காட்டும். புதிதில் முதல் மூன்று இரவு 6, 7 என்று வந்தது. டெக்னீஷியனிடம் காட்டினேன். கசிவு அதிகமாக இருந்தது; புது டியூப் கொஞ்சம் விறைப்பாக இருந்து, திரும்பிப் படுக்கும்போது மாஸ்க்கை இழுத்திருக்கிறது. பழைய டியூபை மாற்றிப் போட்டதும் ஐந்தாம் இரவு 2.4-க்கு வந்துவிட்டது. இப்போதும் பயணப் பையில் இருப்பது அந்தப் பழைய டியூப்தான்.