பால்டிமோரில் ஒரு வீடும் அதன் அடிமனையும்

வீடு பார்த்தாச்சு என்று கும்பகோணத்துக்குப் போன் செய்தபோது அப்பா விலையைக் கேட்கவில்லை. "வில்லங்கம் போட்டுப் பார்த்தியா?" என்றார். இங்கே அதையெல்லாம் டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றேன். "அவன் பார்ப்பான். நீ பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. விற்பனை விளம்பரத்தில் இருந்த முப்பது படங்களைத்தான் பார்த்திருந்தேன். பேட்டர்சன் பூங்காவுக்குப் பக்கத்தில், பால்டிமோருக்கே உரிய வரிசை வீடுகளில் ஒன்று. பதின்மூன்றரை அடி அகலம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர், வாசலில் வெள்ளைப் பளிங்குப் படிகள். அந்தப் படிகளில் என் மனைவி மயங்கிவிட்டாள். அதற்குப் பிறகு யார் பத்திரம் பார்ப்பார்கள்?

அன்று இரவே உட்கார்ந்தேன். பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் சொத்து விவரம் பார்ப்பதற்குக் காசு வேண்டாம், யாரிடமும் மனு போட வேண்டாம். எஸ்.டி.ஏ.டி. என்று எல்லோரும் சொல்லும் மாநில மதிப்பீட்டு, வரித்துறையின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் உரிமையாளர் பெயர், மதிப்பீடு, கடைசியாக விற்ற விலை எல்லாம் வந்துவிடும். முதலில் கவுண்டியை, அதாவது நம் ஊர் மாவட்டம் போன்றதை, தேர்ந்தெடுக்கச் சொன்னது. பால்டிமோர் கவுண்டி என்று இருந்ததை அழுத்தினேன். அப்படி ஒரு வீடே இல்லை என்றது. எழுத்துப்பிழையோ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பட்டியலில் பால்டிமோர் சிட்டி என்று தனியாக ஒரு வரி இருப்பது கண்ணில் பட்டது.

பால்டிமோர் நகரம் பால்டிமோர் கவுண்டியில் இல்லை. எந்தக் கவுண்டியிலுமே இல்லை. 1851இல் கவுண்டியிலிருந்து பிரிந்து, தானே ஒரு கவுண்டிக்குச் சமமாகிவிட்டது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சுயேச்சை நகரங்கள் 41. அதில் 38 வர்ஜீனியாவில். மீதி மூன்று பால்டிமோர், செயின்ட் லூயிஸ், நெவாடாவின் கார்சன் சிட்டி. பால்டிமோர் கவுண்டிக்குத் தலைமையிடம் டவ்சன். அது நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. குழப்பம் என்னவென்றால், கவுண்டிக்குள் இருக்கும் எத்தனையோ வீடுகளுக்கும் தபால் முகவரி பால்டிமோர் என்றுதான் வரும். அஞ்சல் எண்ணை வைத்து முடிவு செய்யவே முடியாது. இந்த ஊரில் பத்து வருஷம் வேலை பார்த்தவன் நான். எனக்கே இது தெரிந்திருக்கவில்லை.

சரி, நகரத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் தேடினேன். தெருப்பெயரோடு ஸ்ட்ரீட், அவென்யூ என்றெல்லாம் சேர்க்காமல் வெறும் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு வீடு வந்தது, ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு. சார்ல்ஸ் தெருதான் ஊரைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கிறது. நம் வீடு கிழக்கு. பக்கத்தைத் திறந்ததும் நான் குறித்துக்கொண்டது வார்டு, செக்‌ஷன், பிளாக், லாட் என்ற நான்கு எண்களை. நகரத்தின் வேறு எந்தப் பக்கத்தில் தேடினாலும் பிளாக்கும் லாட்டும் இருந்தால் போதும். முகவரியைப் போல் அது ஏமாற்றாது.

வரிக் கணக்கு அடுத்த அதிர்ச்சி. நகரத்தின் சொத்து வரி மதிப்பீட்டில் 100 டாலருக்கு 2.248 டாலர். எல்லையைத் தாண்டிக் கவுண்டிக்குள் போனால் 1.10 டாலர். இரண்டு இடத்திலும் மாநில வரி 0.112 டாலர் தனி. வீட்டின் மதிப்பீடு 2,40,000 டாலர் என்றால் நகரத்தில் வருஷத்துக்குச் சுமார் 5,660 டாலர், கவுண்டியில் சுமார் 2,910 டாலர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் விற்பவர் கட்டிய வரி இதைவிட எவ்வளவோ குறைவாக இருந்ததே என்று யோசித்தேன். விடை அதே பக்கத்தில் கீழே இருந்தது, ஹோம்ஸ்டெட் என்ற வரியில். சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கு, வரிக்குரிய மதிப்பு வருஷத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நகரம் பிடித்து வைக்கிறது. வீடு கை மாறினால் அந்தச் சலுகை போய்விடும், புதிதாக வாங்குபவர் முழு மதிப்புக்கும் கட்ட வேண்டும். பிறகு அவரும் ஒருமுறை விண்ணப்பித்தால் அவருக்கென்று புதிதாகக் கணக்கு தொடங்கும். பழைய ரசீதைப் பார்த்து மாதத் தவணையைக் கணக்குப் போட்டிருந்தால் கழுத்தில் துண்டுதான்.

பக்கத்தின் மேலே சின்னதாக ஒரு இணைப்பு இருந்தது, கிரவுண்ட் ரென்ட், அதாவது மனை வாடகை, பதிவைப் பார்க்கலாம் என்று. நமக்கு இது இருக்காது என்று நினைத்துக்கொண்டேதான் அழுத்தினேன். விளம்பரத்தில் ஃபீ சிம்பிள், அதாவது மனையும் கட்டடமும் முழு உரிமையோடு என்று போட்டிருந்தார்கள். ஒரு படிவம் திறந்தது. ஆண்டுக்கு 90 டாலர், இரண்டு தவணையாக. பெறுபவர் யாரோ ஒருவர். வீட்டுக்காரர் என்று அதில் இருந்த பெயர் இப்போது விற்பவருடையது அல்ல, அவருக்கும் முந்தையவருடையது.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. "மனை வேற ஒருத்தருது, மேல இருக்கற கட்டடம்தான் நம்மளுது. வருஷா வருஷம் வாடகை" என்று ஆரம்பித்தேன். "அடிமனைன்னு சொல்லு" என்றார். எங்கள் தாத்தா வீடு கோயில் அடிமனையில் இருந்தது. வீட்டை விற்கும்போது வாங்குபவர்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பின்வாங்கியதை அவர் பார்த்திருக்கிறார். கடல் தாண்டி வந்தும் இதுவா என்று எனக்குச் சிரிப்பும் வந்தது.

மறுநாள் மூலப் பத்திரம் தேடப் புறப்பட்டேன். நிலப் பதிவேடுகளின் படங்களை மாநில ஆவணக் காப்பகம் எம்.டி.லேண்ட்ரெக் என்ற தளத்தில் வைத்திருக்கிறது. இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். வரித்துறைப் பக்கத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் பக்கத்தில் இரண்டு எண் இருக்கும். லிபர், ஃபோலியோ என்பார்கள், நம் ஊர்ப் புத்தக எண்ணும் பக்க எண்ணும்தான். அதைக் கொடுத்தால் பத்திரம் அப்படியே திரையில் வரும். விற்பவரின் பத்திரத்திலேயே, ஆண்டுக்கு 90 டாலர் வாடகைக்கு உட்பட்டது என்று தெளிவாக இருந்தது. அப்படியிருக்க விளம்பரம் எழுதியவர் எதைப் பார்த்து எழுதினாரோ. வீட்டு ஏஜென்டிடம் கேட்டபோது "பெரும்பாலும் ஃபீ சிம்பிளாகத்தான் இருக்கும்" என்றார். பெரும்பாலான வீடுகளையா நான் வாங்குகிறேன்?

ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தின் லிபரையும் ஃபோலியோவையும் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தட்டச்சு போய்க் கையெழுத்து வந்தது. ஆறாவது பத்திரத்தில் 1912ஆம் வருஷத்துக் குத்தகை. 99 ஆண்டு, என்றென்றைக்கும் புதுப்பிக்கத்தக்கது. 1912உடன் 99ஐக் கூட்டி 2011இல் முடிந்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் துள்ளினேன். அந்த "என்றென்றைக்கும்" என்ற வார்த்தைதான் முக்கியம், 99 பெயருக்குத்தான். வீடு கட்டியவர்கள் மனையை விற்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டால் வீட்டின் விலை குறையும், தொழிலாளிகளும் வாங்குவார்கள். அந்த வாடகை உரிமையைத் தனியாக முதலீட்டாளர்களுக்கு விற்றுவிடுவார்கள். நூறு வருஷத்தில் அது வாரிசு வாரிசாகக் கை மாறி, யாருக்குப் பணம் அனுப்புவது என்றே பலருக்குத் தெரியாமல் போனது. 2006 டிசம்பரில் பால்டிமோர் சன் நாளிதழ், அற்ப வாடகைப் பாக்கிக்காக வீட்டையே இழந்தவர்களின் கதைகளை வெளியிட்டது. 2007இல் மாநிலம் புதிதாகக் குடியிருப்புகளுக்கு இந்தக் குத்தகை போடுவதைத் தடை செய்து, பழையவற்றைப் பதிவு செய்யவும் உத்தரவிட்டது. 2010 செப்டம்பருக்குள் பதியாவிட்டால் உரிமையே போய்விடும் என்ற பகுதியை 2011இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பதியாதவர் வாடகை வசூலிக்க முடியாது. நான் அழுத்திய இணைப்பு அந்தப் பதிவேடுதான்.

நல்ல விஷயம், பெரும்பாலான அடிமனையைக் காசு கொடுத்து மீட்கலாம். விலையில் பேரம் கிடையாது, சட்டமே சொல்கிறது. எங்கள் குத்தகை 1912ஆம் ஆண்டுடையது என்பதால் 6 சதவீதக் கணக்கு. 90ஐ 0.06ஆல் வகுத்தால் 1,500 டாலர். 1982 ஜூலைக்குப் பிறகு போட்ட குத்தகை என்றால் 12 சதவீதம், அதனால் பாதி விலை. 1884 ஏப்ரலுக்கு முன்னால் போட்டதாக இருந்தால் மீட்கவே முடியாமலும் போகலாம். அதனால்தான் மூலப் பத்திரத்தின் தேதியைக் கண்ணால் பார்ப்பது அவசியமானது. அந்த ஒரு தேதிக்காக நான் செலவழித்த இரண்டு இரவுகளைப் பற்றி வருத்தமில்லை.

ஆதாரங்களை அச்செடுத்து அனுப்பியதும் விற்பவர் தரப்பு முரண்டு பிடிக்கவில்லை. மீட்புத் தொகையும், இருந்த வாடகைப் பாக்கியும் அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் சேர்த்தோம். பாக்கியில் கடைசி மூன்று வருஷத்துக்குத்தான் கேட்க முடியும். மனைக்காரருக்கு ஒரு மாதம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதால் கிரயம் தள்ளிப்போனது. அவர் கையெழுத்துப் போட்டார், எங்களுக்கு அதிர்ஷ்டம். ஆள் கிடைக்காவிட்டால் எஸ்.டி.ஏ.டி.யிடமே விண்ணப்பித்து மீட்கவும் வழி இருக்கிறது, ஆனால் அது நீளும். இடையில் நகரத்தின் கோட்மேப் என்ற இணைய வரைபடத்தில் காலி வீடு என்ற அறிவிப்போ அனுமதி இல்லாத கட்டுமானமோ இருக்கிறதா என்று பார்த்தேன். சமையலறைக்கு அனுமதி வாங்கித்தான் இடித்திருந்தார்கள். அது போதும்.

நிலப் பதிவேடுகளுக்காகக் கால்வர்ட் தெருவில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போகவே தேவைப்படவில்லை. ஆனாலும் ஒரு மதியம் போனேன், ஆசைதான். 1900இல் திறந்த கட்டடம். 1904 தீ விபத்தில் நகர மையத்தில் சுமார் 1,500 கட்டடங்கள் எரிந்தபோதும் இது தப்பியது. உள்ளே இருந்த புத்தகங்கள் அன்று எரிந்திருந்தால் எத்தனை வீட்டின் கதை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிரயம் முடிந்து சில வாரங்கள் கழித்து எம்.டி.லேண்ட்ரெக்கில் என் பெயரைத் தேடினேன். வந்தது, இரண்டு பத்திரங்கள், கிரயம் ஒன்று, மீட்பு ஒன்று. இரண்டையும் அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் ஆங்கிலப் பத்திரத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தார். பிறகு போன். "செக்குப்பந்தி சரியா எழுதியிருக்கான். தெரு மூலையிலேருந்து எத்தனை அடி, பின்னால பத்தடிச் சந்து வரைக்கும், பக்கத்துல பொதுச்சுவத்தோட நடு வரைக்கும்னு. அந்தச் சுவத்துல ஆணி அடிக்கறதா இருந்தா பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."